வராத வாக்காளரும் எண்ணப்படும் தேர்தல்: வட மாசிடோனியா தன் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

2014 ஏப்ரல் 13 அன்று மாசிடோனியாவில் குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த கியோர்கே இவானோவ் பதிவான வாக்குகளில் 51 சதவீதத்துக்கு மேல் பெற்றார். அவருக்கு அடுத்து வந்த ஸ்டேவோ பென்டரோவ்ஸ்கி பெற்றது 37 சதவீதத்தை ஒட்டிய வாக்குகள்தாம். பாதிக்கு மேல் வாக்குப் பெற்று, இவ்வளவு பெரிய இடைவெளியில் முன்னிலையும் பெற்ற ஒருவர் அன்றிரவே வெற்றி பெற்றவராக அறிவிக்கப்பட்டிருப்பார் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அவ்வாறு அறிவிக்கப்படவில்லை. இரண்டு வாரம் கழித்து, அதே இருவருக்கும் இடையே மீண்டும் ஒருமுறை நாடு முழுவதும் வாக்குப்பதிவு நடத்த வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம், அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் முதல் சுற்றில் கேட்கும் பாதி நாம் நினைக்கும் பாதியிலிருந்து வேறுபட்டது என்பதே. வாக்களிக்க வந்தவர்களில் பாதிப் பேரின் ஆதரவு போதாது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரிலும் பாதிக்கு மேற்பட்டோரின் வாக்கு வேண்டும். வீட்டிலேயே இருந்துவிட்டவர், ஊரில் இல்லாதவர், வெளிநாட்டில் குடியேறிப் பல ஆண்டுகளானவர் என்று எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்கிறார்கள். இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால் அந்நாட்டுத் தேர்தலின் பெரும்பகுதி புரிந்துவிடும். புரியாமல் விட்டால் செய்திகளில் வரும் எண்கள் எல்லாமே குழப்பமாகத் தோன்றும்.

பால்கன் தீபகற்பத்தின் நடுவே, கடற்கரை ஏதுமின்றி அமைந்திருக்கும் சிறிய நாடு இது. இதன் தலைநகரமான ஸ்கோப்யேயை அன்னை தெரசா பிறந்த ஊராக நம்மில் பலர் அறிந்திருப்போம். அவர் 1910-ல் அங்கு பிறந்தபோது அது உஸ்மானியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பிற்காலத்தில் யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகளில் ஒன்றாக விளங்கிய இந்நிலப்பகுதி, 1991 செப்டம்பர் 8 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பின் வழியே தனிநாடானது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்புச் சட்டமே, பிற்காலத் திருத்தங்களோடு, இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. கிரேக்க நாட்டுடன் நீண்ட காலம் நிலவிய பெயர்த் தகராறு 2018-ல் கையெழுத்தான பிரெஸ்பா உடன்படிக்கையால் முடிவுக்கு வந்தது. அதன்படி 2019 பிப்ரவரி முதல் நாட்டின் பெயர் வட மாசிடோனியா.

குடியரசுத் தலைவருக்கு என்ன அதிகாரம்?

வட மாசிடோனியாவில் ஆட்சியை நடத்துபவர் பிரதமர். சோப்ரானியே எனப்படும் 120 உறுப்பினர் கொண்ட நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை பெற்ற தரப்பே அரசாங்கம் அமைக்கிறது. வரவு செலவுத் திட்டம், வரி, கல்வி, மருத்துவம் ஆகிய அன்றாட ஆட்சி அனைத்தும் அதன் பொறுப்பு. குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவராகவும் படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருக்கிறார், தூதர்களை நியமிக்கிறார், அரசமைப்பு நீதிமன்றத்துக்கு இரண்டு நீதிபதிகளின் பெயரை முன்மொழிகிறார். நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டத்தில் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பவும் அவரால் முடியும். ஆனால் நாடாளுமன்றம் அதே சட்டத்தை மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவோடு மறுபடியும் நிறைவேற்றினால் அவர் கையெழுத்திட்டாக வேண்டும். மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையோடு நிறைவேறிய சட்டத்தைத் திருப்பி அனுப்பும் உரிமையே அவருக்கு இல்லை.

ஏட்டில் பார்த்தால் இவை அடக்கமான அதிகாரங்கள். இவ்வளவு அடக்கமான ஒரு பதவிக்கு நாடு முழுவதும் நேரடித் தேர்தல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கான விடை 2017-ல் கிடைத்தது. முந்தைய டிசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிடைக்கவில்லை. சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் சோரான் சாயேவ், அல்பேனியக் கட்சிகளின் ஆதரவைச் சேர்த்துப் பெரும்பான்மைக்குத் தேவையான உறுப்பினர்களின் கையெழுத்துகளைப் பெற்றுக்கொண்டு வந்தபோது, அரசாங்கம் அமைக்கும்படி அவரை அழைக்கக் குடியரசுத் தலைவர் இவானோவ் மறுத்துவிட்டார். அல்பேனியக் கட்சிகளின் கோரிக்கைகள் நாட்டின் ஒருமைப்பாட்டுக்கு ஊறு செய்யும் என்பது அவர் கூறிய காரணம். இழுபறி நீடித்தது. ஏப்ரல் 27 அன்று ஒரு கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்களைத் தாக்கியது. சாயேவ் முகத்தில் இரத்தம் வழிய நின்ற படங்கள் உலகெங்கும் வெளியாயின. மே 17 அன்றுதான் இவானோவ் அவரை அரசாங்கம் அமைக்க அழைத்தார். அமைதியான காலத்தில் சடங்குபோலத் தோன்றும் ஒரு கடமை, நெருக்கடி வந்தபோது நாட்டையே நிறுத்திவைக்கும் வலிமை கொண்டதாக மாறியது. இப்பதவிக்கு யார் வருகிறார், எத்தனை பேரின் ஒப்புதலோடு வருகிறார் என்பது அலட்சியமாக விடக்கூடிய செய்தியாக இல்லை.

போட்டியிடும் தகுதி

தேர்தல் நாளில் 40 வயது நிறைந்த குடிமகன் அல்லது குடிமகள் எவரும் போட்டியிடலாம். கடந்த 15 ஆண்டுகளில் குறைந்தது 10 ஆண்டுகளாவது நாட்டில் வசித்திருக்க வேண்டும். பதவிக் காலம் 5 ஆண்டுகள். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. வசிப்பிட விதி வெறும் எழுத்தாக மட்டும் இருந்துவிடவில்லை. முன்னாள் உள்துறை அமைச்சர் லியூபே போஷ்கோஸ்கி 2004-ல் போட்டியிட முன்வந்தபோது, இந்த விதியை அவர் நிறைவு செய்யவில்லை என்று கூறி அவரது மனு ஏற்கப்படவில்லை.

வேட்பாளராவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. நாடாளுமன்ற உறுப்பினர்கள் 30 பேர் முன்மொழிய வேண்டும். அல்லது வாக்காளர்கள் 10,000 பேர் கையெழுத்திட்டு முன்மொழிய வேண்டும். பெரிய கட்சிகளுக்கு முதல் வழி எளிது. கட்சி சாராதவருக்கும் சிறிய கட்சிக்கும் இரண்டாவது வழியே கதி. அந்தக் கையெழுத்துகளைக் கட்சித் தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று வாங்கிவர முடியாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆதரிக்கும் வாக்காளர், அரசுத் தேர்தல் ஆணையத்தின் அலுவலருக்கு முன்னால் நேரில் வந்து, குறிப்பிட்ட 15 நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும். ஏறத்தாழ 18 லட்சம் வாக்காளர் கொண்ட நாட்டில், குளிர்காலத்தின் கடைசி வாரங்களில், 10,000 பேரை அலுவலக வாசலுக்கு அழைத்து வருவது எளிய செயல் ஆகாது. ஆயினும் 2024-ல் ஏழு பேர் களத்தில் இருந்தார்கள்.

தேர்தல் தேதியை அறிவிப்பவர் நாடாளுமன்றத் தலைவர். பதவியில் இருப்பவரின் காலம் முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும். இதனால்தான் 2004-க்குப் பிந்தைய குடியரசுத் தலைவர் தேர்தல்கள் அனைத்தும் இளவேனிற் காலத்தில், மார்ச் மாதக் கடைசிக்கும் மே மாதத் தொடக்கத்துக்கும் இடையில் அமைந்திருக்கின்றன.

இரண்டு சுற்றுகள், இரண்டு வேறு கணக்குகள்

இனி, தொடக்கத்தில் கூறிய கணக்குக்கு வருவோம். நமக்குப் பழக்கமான தொகுதித் தேர்தலில் யாருக்கு அதிக வாக்கோ அவர் வென்றார்; வாக்களிக்க வராதவர் முடிவில் எந்தப் பங்கும் பெறுவதில்லை. வட மாசிடோனியாவின் முதல் சுற்றிலோ, வகுக்கும் எண்ணாக நிற்பது முழு வாக்காளர் பட்டியல். பட்டியலில் 18 லட்சம் பேர் இருந்தால், 9 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கியவரே முதல் சுற்றில் வெல்ல முடியும்.

இதை நிறைவேற்றியவர் இதுவரை ஒருவர்தான். சுதந்திர நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான கீரோ கிளிகொரோவை, 1991 ஜனவரியில், நாடு இன்னும் யூகோஸ்லாவியாவின் அங்கமாக இருந்தபோது, நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்திருந்தது. 1994 அக்டோபர் 16 அன்று முதன்முறையாக மக்கள் நேரடியாக வாக்களித்தபோது, பதிவு பெற்ற வாக்காளர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் அவருக்கே வாக்களித்தனர். யூகோஸ்லாவியப் போர்கள் பக்கத்து நாடுகளை எரித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், இந்நாட்டை ஒரு குண்டுகூட வெடிக்காமல் கூட்டமைப்பிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் என்ற மதிப்பு அந்த 77 வயது முதியவருக்கு இருந்தது. அவருக்குப் பிறகு 1999, 2004, 2009, 2014, 2019, 2024 ஆகிய ஆறு தேர்தல்களும் இரண்டாம் சுற்றுக்குச் சென்றன. 2024-ன் இரண்டாம் சுற்றில் 65 சதவீத வாக்குகளோடு மிகப் பெரிய வெற்றி பெற்ற கோர்தானா சில்யானோவ்ஸ்கா தாவ்கோவா வாங்கிய வாக்குகள் ஏறத்தாழ 5.6 லட்சம். அந்த வாக்குகள் எல்லாமே முதல் சுற்றில் கிடைத்திருந்தாலும்கூட அவர் அப்போது வென்றிருக்க மாட்டார். 9 லட்சம் என்ற எல்லைக் கோடு அவ்வளவு தொலைவில் இருக்கிறது.

முதல் சுற்றில் முடிவு கிடைக்காதபோது, அதிக வாக்குப் பெற்ற முதல் இருவருக்கும் இடையே 14 நாட்களுக்குள் இரண்டாம் சுற்று நடக்கிறது. இங்கே கணக்கு மாறுகிறது. வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோரின் வாக்கைப் பெற்றவர் வெல்கிறார். ஆனால் பட்டியலில் உள்ளவர்களில் குறிப்பிட்ட சதவீதத்தினராவது வாக்களிக்க வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வரவில்லை என்றால் இரண்டாம் சுற்றின் முடிவு செல்லாது. வேட்புமனுவில் தொடங்கித் தேர்தல் முழுவதையும் முதலிலிருந்து நடத்த வேண்டும்.

1991-ல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தில் அந்தச் சதவீதம் பாதி என்று இருந்தது. பட்டியலில் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வர வேண்டும். புதிய நாட்டில், புதிய உற்சாகத்தில், அது பெரிய தடையாகத் தோன்றியிருக்காது. 2004 ஏப்ரலில் பிராங்கோ செர்வென்கோவ்ஸ்கி தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டாம் சுற்றில் வாக்குப்பதிவு பாதியைச் சற்றே தாண்டியது. சில சாவடிகளில் முறைகேடுகள் நடந்ததாகப் பார்வையாளர்கள் அப்போது சுட்டிக்காட்டினர். அடுத்த தேர்தல் இந்தத் தடையில் இடறி விழும் என்ற அச்சம் பரவியது. 2009 ஜனவரியில், தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, அரசமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு வரம்பு 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது.

அந்தத் திருத்தம் எவ்வளவு தக்க சமயத்தில் வந்தது என்பதைப் பிற்கால எண்கள் காட்டுகின்றன. 2009-ல் இவானோவ் முதன்முறை தேர்வான இரண்டாம் சுற்றில் வந்தவர்கள் 43 சதவீதத்துக்கும் குறைவு. 2019-ல் பென்டரோவ்ஸ்கி தேர்வானபோது 47 சதவீதத்துக்கும் குறைவு. 2024-ல் 48 சதவீதத்துக்கும் குறைவு. பழைய விதி நீடித்திருந்தால் இம்மூன்று தேர்தல்களும் செல்லாமல் போயிருக்கும். தப்பியிருக்கக்கூடியது, 54 சதவீதத்தினர் வந்த 2014-ன் இரண்டாம் சுற்று மட்டுமே.

வீட்டிலிருப்பதும் ஒரு தேர்வு ஆகும்போது

குறைந்தபட்ச வாக்குப்பதிவு வேண்டும் என்ற விதியின் நோக்கம் நல்லது. மிகச் சிலரே வந்து வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒருவர் நாடு முழுவதற்கும் தலைவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதே அதன் கருத்து. ஆனால் அந்த விதி, அதை எழுதியவர்கள் விரும்பாத ஓர் ஆயுதத்தையும் கூடவே உருவாக்கிவிடுகிறது. ஒரு சிறு கணக்கின் மூலம் இதைப் பார்ப்போம்.

ஓர் ஊரில் பட்டியலில் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுற்றில் ஒருவருக்கு 35 பேரின் ஆதரவும் மற்றவருக்கு 20 பேரின் ஆதரவும் உள்ளன. மீதி 45 பேர் எப்படியும் வரப்போவதில்லை. இரு தரப்பும் வந்தால் மொத்தம் 55 பேர். 40 சதவீத வரம்பு தாண்டப்பட்டுவிடும். 35 பேரின் வேட்பாளர் வெல்வார். ஆனால் அந்த 20 பேரும், தோற்கத்தான் போகிறோம் என்று அறிந்து, வீட்டிலேயே தங்கிவிட்டால் வருபவர்கள் 35 பேர் மட்டுமே. வரம்பு எட்டப்படவில்லை; தேர்தலே செல்லாது. சாவடிக்கு வந்திருந்தால் தோற்றிருப்பவர்கள், வராததால் எதிராளியின் வெற்றியைத் தடுத்துவிடுகிறார்கள். 20 பேரின் வாக்கைவிட அந்த 20 பேரின் வராமை வலிமை மிக்கதாகிவிடுகிறது.

குடியரசுத் தலைவர் தேர்தல் இப்படி ஒருமுறையும் செல்லாமல் போனதில்லை. ஆனால் அந்த ஆயுதம் வேறிடத்தில் வெளிப்படையாகவே பயன்பட்டிருக்கிறது. நாட்டின் பெயர் மாற்றம் குறித்து 2018 செப்டம்பர் 30 அன்று நடந்த பொதுவாக்கெடுப்பில், வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்து வாக்களித்தனர். எதிர்த்தவர்கள் எதிர்த்து வாக்களிக்கப் போகவில்லை. புறக்கணிக்கும்படி பிரசாரம் செய்தார்கள். பொதுவாக்கெடுப்புக்கு 50 சதவீத வரம்பு உண்டு. வந்தவர்களோ சுமார் 37 சதவீதம். வாக்கெடுப்பு தோல்வியுற்றதாகவே கருதப்பட்டது. பிறகு நாடாளுமன்றமே அரசமைப்புச் சட்டத்தைத் திருத்திப் பெயரை மாற்ற வேண்டியதாயிற்று.

புறக்கணிப்பு இந்நாட்டில் அதற்கு முன்பே அறிமுகமானது. 1991-ன் சுதந்திர வாக்கெடுப்பையே அல்பேனிய மக்களில் பெரும்பாலோர் புறக்கணித்திருந்தார்கள். நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அல்பேனியர். பெரும்பாலும் மேற்கிலும் வடமேற்கிலும், தேத்தோவோ, கொஸ்திவார் போன்ற நகரங்களைச் சுற்றியும், தலைநகரின் சில பகுதிகளிலும் வாழ்பவர்கள். 2001-ல் அல்பேனியக் கிளர்ச்சியாளர்களுக்கும் அரசுப் படைகளுக்கும் இடையே சில மாதங்கள் மோதல் நிகழ்ந்து, ஆகஸ்ட் 13 அன்று கையெழுத்தான ஒஹ்ரித் உடன்படிக்கையால் அது நின்றது. அல்பேனிய மொழிக்கும், அரசுப் பணியில் பிரதிநிதித்துவத்துக்கும், நாடாளுமன்றத்தில் சில சட்டங்களுக்குச் சிறுபான்மையினரின் தனி ஒப்புதலுக்கும் அந்த உடன்படிக்கை வழி செய்தது. ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலில் அத்தகைய தனி ஏற்பாடு எதுவும் இல்லை. நாடு முழுவதும் ஒரே தொகுதி. வாக்குகள் ஒன்றாகவே எண்ணப்படும்.

அப்படியிருக்க, அல்பேனிய வேட்பாளர் ஒருவர் வெல்வதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் யார் வெல்வது என்பதை முடிவு செய்யும் இடத்தில் அல்பேனிய வாக்காளர்கள் பலமுறை இருந்திருக்கிறார்கள். இதைத்தான் இரண்டு சுற்று முறையின் உண்மையான பயனாக நான் கருதுகிறேன். 1999-ன் முதல் சுற்றில் சமூக ஜனநாயகக் கட்சியின் டீட்டோ பெட்கோவ்ஸ்கி தெளிவான முன்னிலை பெற்றார். இரண்டாம் சுற்றில், அல்பேனியர் வாழும் மேற்குப் பகுதியின் வாக்குகள் திரண்டு வந்ததால் போரிஸ் த்ராய்கோவ்ஸ்கி வென்றார். முறைகேட்டுப் புகார்கள் எழுந்து, மேற்கில் பல சாவடிகளில் டிசம்பர் 5 அன்று மறுவாக்குப்பதிவு நடந்தது. அதன் பிறகும் முடிவு மாறவில்லை.

2019-ல் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. முதல் சுற்றில் பென்டரோவ்ஸ்கிக்கும் சில்யானோவ்ஸ்கா தாவ்கோவாவுக்கும் இடையே இருந்த வேறுபாடு சுமார் 4,000 வாக்குகள் மட்டுமே. மூன்றாவதாக வந்த அல்பேனிய வேட்பாளர் பிளெரிம் ரேக்கா பெற்றது ஏறத்தாழ 80,000. இரண்டாம் சுற்றில் ரேக்கா இல்லை. இருவருக்கும் இடையிலான வேறுபாடு 58,000-ஐ ஒட்டி விரிந்தது. முதல் சுற்றில் தம் மனத்துக்கு உகந்தவருக்கு வாக்களித்தவர்கள், இரண்டாம் சுற்றில் எஞ்சிய இருவரில் தமக்கு ஏற்புடையவரைத் தேர்ந்துகொள்ள வாய்ப்புப் பெறுகிறார்கள். எஞ்சிய இருவரும், தம் சமூகத்துக்கு அப்பால் உள்ளவர்களிடமும் சென்று ஆதரவு கேட்க வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளாகிறார்கள். பல இனங்கள் சேர்ந்து வாழும் நாட்டுக்கு இது சிறிய நன்மை ஆகாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2014-ல், அப்போது ஆட்சிக் கூட்டணியில் இருந்த முக்கிய அல்பேனியக் கட்சியான ஒருங்கிணைப்புக்கான ஜனநாயக ஒன்றியம், இரு சமூகங்களும் ஒப்புக்கொள்ளும் பொது வேட்பாளர் ஒருவரே நிறுத்தப்பட வேண்டும் என்று கோரியது. அது நடக்காதபோது குடியரசுத் தலைவர் தேர்தலைப் புறக்கணிக்குமாறு தன் ஆதரவாளர்களைக் கேட்டுக்கொண்டது. வாக்களித்து மாற்றம் காண வாய்ப்பில்லை என்று ஒரு சமூகம் எண்ணும்போது, வராமல் இருப்பதே அதற்கு மொழியாகிவிடுகிறது.

பட்டியலில் யார் இருக்கிறார்கள்?

இவ்வளவு பெரிய வேலையை வாக்காளர் பட்டியலிடம் ஒப்படைத்துவிட்டால், அந்தப் பட்டியல் உண்மையைச் சொல்ல வேண்டும். இங்கேதான் இந்தத் தேர்தல் முறையின் மிகப் பலவீனமான இடம் இருக்கிறது.

1994-ல் நாட்டின் மக்கள்தொகை சுமார் 19.4 லட்சம், வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 13.6 லட்சம். 2021 கணக்கெடுப்பில் நாட்டில் வசிப்பவர்கள் 18,36,713 பேர் என்று தெரிந்தது. 2024-ன் வாக்காளர் பட்டியலிலோ 18 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. குழந்தைகளும் பள்ளி மாணவர்களும் உட்பட நாட்டில் வாழும் அனைவரையும் எண்ணினாலும், வாக்காளர் எண்ணிக்கையைவிடச் சிறிதளவே கூடுதலாக வருகிறது. பிறப்பு விகிதம் குறைந்து வயது வந்தோரின் பங்கு கூடியது ஒரு காரணம்தான். ஆனால் அது இந்த வேறுபாட்டின் சிறு பகுதியைத்தான் விளக்கும்.

பெரிய காரணம் புலம்பெயர்வு. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஆஸ்திரியா, ஆஸ்திரேலியா என்று வேலை தேடிச் சென்றவர்கள் ஏராளம். குடியுரிமையும் பதிவான முகவரியும் இருக்கும்வரை அவர்களின் பெயர் பட்டியலில் நீடிக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் தூதரகங்களில் வாக்களிக்கலாம் என்றாலும், அவ்வாறு பதிவு செய்பவர்கள் மிகக் குறைவு. எனவே மியூனிக்கில் பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் ஒருவர், தன் ஊரில் தேர்தல் நடப்பதையே மறந்துவிட்டிருந்தாலும், வராத வாக்காளராகக் கணக்கில் நின்று வரம்பை உயர்த்திக்கொண்டிருப்பார். 40 சதவீதம் என்று எழுதப்பட்டிருப்பது, ஊரில் உண்மையாகவே வசிப்பவர்களை மட்டும் கொண்டு பார்த்தால், பாதிக்கு அருகில் போய்விடுகிறது. வரம்பை மேலும் குறைக்கலாமா, முற்றாக நீக்கலாமா என்பன பேசத் தக்க கேள்விகளே. ஆனால் பட்டியலைச் சரிசெய்வதுதான் முதல் வேலை என்று எனக்குப் படுகிறது. பட்டியல் தவறாக இருக்கும்போது எந்தச் சதவீதமும் பொருள் தராது.

வாக்களிக்கும் நாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சாவடிகள் காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடும். நோயாளிகள், சிறையில் உள்ளோர் போன்றோருக்கு முதல்நாளே வாக்குப்பதிவு நடக்கும். வாக்களிக்க வருபவர் தம் அடையாள அட்டையையோ கடவுச்சீட்டையோ காட்ட வேண்டும். அண்மைத் தேர்தல்களில் விரல்ரேகைக் கருவியும் வந்துவிட்டது. வாக்குச்சீட்டு காகிதத்தால் ஆனது. தாம் விரும்பும் வேட்பாளரின் பெயருக்கு முன்னுள்ள வரிசை எண்ணைப் பேனாவால் வட்டமிடுவதே வாக்களிக்கும் முறை. ஒன்றுக்கு மேற்பட்ட எண்களை வட்டமிட்டால் அது செல்லாத வாக்கு. 2024-ன் இரண்டாம் சுற்றில் இருவரின் சதவீதத்தையும் கூட்டினால் 94-ஐ ஒட்டித்தான் வருகிறது. எஞ்சியவை செல்லாத வாக்குகள். அங்கே சதவீதம் பதிவான மொத்த வாக்குகளைக் கொண்டு அறிவிக்கப்படுவதால், வென்றவரின் எண்ணையும் தோற்றவரின் எண்ணையும் கூட்டினால் நூறு வராமல் இருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாடாளுமன்றத்தின் முன் உறுதிமொழி ஏற்றுப் பதவியேற்கிறார். அதன் பிறகு கட்சிப் பொறுப்பையும் வேறு பதவியையும் தொழிலையும் அவர் வைத்துக்கொள்ளக் கூடாது. இடையில் அவரால் பணியாற்ற முடியாமல் போனால் நாடாளுமன்றத் தலைவர் பொறுப்பேற்கிறார். இந்த ஏற்பாடு இரண்டு முறை துயரமான சூழலில் பயன்பட்டது. 1995 அக்டோபர் 3 அன்று ஸ்கோப்யேயின் நடுவே காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்துக் கிளிகொரோவ் படுகாயமுற்று ஒரு கண்ணை இழந்தபோது, அவர் தேறி வரும்வரை நாடாளுமன்றத் தலைவர் ஸ்தோயான் ஆந்தோவ் பொறுப்பில் இருந்தார். 2004 பிப்ரவரி 26 அன்று மோஸ்தார் நகருக்கு அருகே நேர்ந்த விமான விபத்தில் த்ராய்கோவ்ஸ்கி இறந்தபோது, லியூப்சோ ஜோர்தானோவ்ஸ்கி பொறுப்பேற்று, அடுத்த இரண்டே மாதங்களில் புதிய தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடும் விதிமீறலுக்காகத் தலைவரைப் பதவி நீக்கவும் வழி உண்டு. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றம் சாட்ட வேண்டும், அரசமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஏற்க வேண்டும்.

2024 மே 8 அன்று சில்யானோவ்ஸ்கா தாவ்கோவா நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவராகத் தேர்வானார். அரசமைப்புச் சட்டப் பேராசிரியராக நீண்ட காலம் பணியாற்றியவர் அவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் தம்மைத் தோற்கடித்த பென்டரோவ்ஸ்கியையே அவர் இம்முறை வென்றார். அன்று நடந்தது குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்று மட்டும் அன்று. நாடாளுமன்றத் தேர்தலும் அதே நாளில், அதே சாவடிகளில் நடந்தது. 2014-ன் இரண்டாம் சுற்றும் அவ்வாறே நாடாளுமன்றத் தேர்தலோடு சேர்ந்து வந்தது. 2009-ல் உள்ளாட்சித் தேர்தல் துணைக்கு இருந்தது. தம் கட்சிக்கும் தம் ஊருக்கும் வாக்களிக்க வந்தவர்கள் இந்தச் சீட்டிலும் ஒரு வட்டமிட்டுவிட்டுப் போனார்கள். துணை ஏதுமின்றித் தனியாக நடந்த 2019-ல், முதல் சுற்றுக்கு வந்தவர்கள் 42 சதவீதத்தைக்கூட எட்டவில்லை.

நாடாளுமன்றத்தின் காலம் 4 ஆண்டுகள், குடியரசுத் தலைவரின் காலம் 5 ஆண்டுகள். இடையில் முன்கூட்டிய தேர்தல் எதுவும் வராவிட்டால், அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2028-ல் முடிந்துவிடும். 2029-ன் குடியரசுத் தலைவர் தேர்தல் மீண்டும் தனியாக நடக்கும். அன்று மாலை 7 மணிக்குச் சாவடிகள் மூடியதும், யார் முன்னிலை என்று கேட்பதற்கு முன்பே, எத்தனை சதவீதத்தினர் வந்தார்கள் என்றுதான் ஸ்கோப்யேயில் கேட்பார்கள்.